அந்த அரை மணி நேரம்

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினால் என்ன செய்வது? மனநலக் கையேடுகள் பலவற்றில் இந்த இரண்டு யோசனைகள் இருக்கும். தனியாக, அமைதியான இடத்தில் உட்காருங்கள். மனதில் இருப்பதை டைரியில் எழுதுங்கள். காஞ்சிபுரம் பக்கம் ராஜகுளம் மாதிரி ஊரில் இதைப் படிக்கிற பெண்ணுக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரு கூடம், ஒரு சமையலறை, அதற்குள் ஐந்து பேர். டைரி வைத்தால் தம்பி எடுத்துப் படிப்பான். திண்ணையில் உட்கார்ந்தால் எதிர்வீட்டுப் பெரியம்மா, "ஏன்டீ, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்பார். கழனிப் பக்கம் நடந்தால், "இருட்டுற நேரத்துல எங்க போற?" என்று கேட்க நான்கு பேர் இருப்பார்கள்.

தனியாக உட்காருங்கள் என்பது நடைமுறைக்கு ஒத்துவராதது மட்டுமல்ல, அறிவியல்படியும் பாதிதான் சரி. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் ஆள் தனியாக இருக்கும்போதுதான் நடக்கிறது. கொதிப்பில் இருப்பவரை ஓர் அறைக்குள் அனுப்பி, கதவைச் சாத்தி, "நன்றாக யோசி" என்பதைவிட மோசமான உதவி இருக்க முடியாது. எழுதச் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் எதை எழுதுவது, எப்போது எழுதுவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது சில நேரம் காப்பாற்றுகிறது, சில நேரம் அதே வேலை ஆளை இன்னும் ஆழத்தில் தள்ளுகிறது. இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்று கடந்த முப்பது நாற்பது ஆண்டு ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே காட்டியிருக்கின்றன.

மேலே போகுமுன் ஒன்று. இதைப் படிக்கும் இந்த நிமிடமே உங்களுக்கு அந்த எண்ணம் வலுவாக இருந்தால், கட்டுரை காத்திருக்கட்டும். யாராவது ஒருவர் அருகில் போய் உட்காருங்கள், மனநல உதவி எண்ணான 14416ஐ அழையுங்கள். ஏற்கெனவே காயம் பட்டிருந்தால் முதலில் மருத்துவமனை, மற்றதெல்லாம் அப்புறம்.

உலகம் முழுக்க ஆண்டுக்குக் குறைந்தது 1.4 கோடி முறை மனிதர்கள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணக்கிட்டது. இளையவர்களிடையே இது அதிகம். ஊரில் இதற்குச் சொல்லும் காரணங்கள் நமக்குத் தெரிந்தவையே: "வீம்புக்குப் பண்றா", "பயமுறுத்திப் பாக்குறான்", "எல்லாம் போனால வர்ற வினை". ஆனால் இதில் ஈடுபடுபவர்களில் நிறையப் பேர் அதை யாருக்கும் காட்டுவதே இல்லை. மறைக்கத்தான் படாத பாடு படுகிறார்கள். பலருக்குச் சாகும் எண்ணமும் கிடையாது. தாங்க முடியாத ஓர் உணர்வை அந்த நிமிடத்துக்கு நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அதற்காக இது சாதாரண விஷயம் ஆகிவிடாது. தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது திரும்பத் திரும்ப உறுதியான உண்மை.

2004இல் மேத்யூ நாக், மிட்செல் பிரின்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், இந்தச் செயலால் செய்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று வகைப்படுத்தினார்கள். இவர்கள் கண்டதில் முதலிடம் "கெட்ட உணர்வை நிறுத்துவது". அடுத்து, மரத்துப்போன நிலையில் "எதையாவது உணர்வது". பிறரிடமிருந்து கவனம் பெறுவது பட்டியலில் கீழேதான் வந்தது. நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். உணர்வு சற்று நேரம் தணிகிறது, மூளை அதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறது. பிறகு குற்ற உணர்ச்சி, மறைக்கும் பதற்றம், தன்மேல் வெறுப்பு. அதே வெறுப்பு அடுத்த முறைக்கான விதை. வட்டம் ஒவ்வொரு சுற்றிலும் இறுகிக்கொண்டே போகிறது.

இந்த வட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது? நேரத்தில்.

2009இல் நாக் குழுவினர் 12 முதல் 24 வயது வரையிலான 30 பேரிடம் ஒரு சிறு கையடக்கக் கருவியைக் கொடுத்தார்கள். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் அதில் பதிய வேண்டும்: எங்கே இருக்கிறாய், யாரோடு, எவ்வளவு நேரம் நீடித்தது. அதுவரை "போன மாதம் எப்படி இருந்தது?" என்று பழைய நினைவைத்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கேட்டு வந்தார்கள். இங்கே எண்ணம் வந்த இடத்திலேயே அதன் ஆயுளை அளந்தார்கள். பெரும்பாலான எண்ணங்கள் ஒரு நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன. உள்ளே இருப்பவருக்கு அது முடிவே இல்லாததுபோல் தெரிகிறது, கடிகாரத்தில் பார்த்தால் முப்பது நிமிடம். இன்னொன்றும் தெரிந்தது. எண்ணம் செயலாக மாறும் வாய்ப்பைக் கூட்டியது வெறும் சோகம் அல்ல. ஒதுக்கப்பட்டேன் என்ற உணர்வு, தன்மீதே கோபம், தன்மீதே வெறுப்பு, எதுவும் தோன்றாத மரப்பு இவைதான்.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் என்பவர் புகை, குடியை விட முயல்பவர்களோடு பல்லாண்டு வேலை செய்தவர். எந்த வேட்கையும் ஏறி, உச்சிக்குப் போய், தானே இறங்கும் என்பதை அவர் கடல் அலையில் சறுக்குவதோடு ஒப்பிட்டார். ராஜகுளத்துக்காரருக்குக் கடல் அலை தூரம், ஏரி பக்கம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும்போது கரையை வெட்டினாலும் நீர் மட்டம் இறங்கத்தான் செய்யும், அதற்காக யாரும் கரையை வெட்டுவதில்லை. கலங்கல் வழியாக வழியவிட்டுக் கரையைக் காவல் காப்பார்கள். மிகுதி நீர் போனதும் மட்டம் நிற்கும். அந்த அரை மணி நேரமும் கரைக்காவல் மாதிரிதான். நீரை எதிர்த்துச் சண்டை போட வேண்டியதில்லை, வெட்டாமல் இருந்தால் போதும்.

சரி, வெட்டாமல் இருப்பது எப்படி? "மனசைத் திடப்படுத்திக்கோ" என்ற அறிவுரை அந்த நேரத்தில் வேலை செய்வதில்லை, அதற்கு உடலியல் சார்ந்த காரணம் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் திட்டமிடுவது, விளைவை எண்ணிப் பார்ப்பது, ஆசையை அடக்குவது எல்லாவற்றையும் செய்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் காட்டியது இது: கடும் மன அழுத்தத்தில் நார்அட்ரினலின், டோபமைன் போன்ற வேதிப்பொருள்கள் அளவுக்கு மேல் சுரந்து, முன்மூளையின் நரம்பு வலைப்பின்னலைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கின்றன. கட்டுப்பாடு பழைய, வேகமான பகுதிகளின் கைக்குப் போய்விடுகிறது. யோசிக்கும் உறுப்பே ஓய்வில் இருக்கும்போது யோசிக்கச் சொன்னால் எப்படி?

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் இதன் மறுபக்கத்தைச் சொன்னார். மனம் குளிர்ந்திருக்கும்போது கொதிக்கும் நம்மை நம்மால் கற்பனை செய்ய முடியாது, கொதிக்கும்போது குளிர்ந்த நம்மை நினைவுகூர முடியாது. திங்கட்கிழமைக் காலை "இனி சத்தியமா பண்ண மாட்டேன்" என்று சொன்னவளும் வியாழன் இரவு குளியலறையில் நிற்பவளும் ஒரே ஆள்தான், ஆனால் ஒருத்திக்கு மற்றவளைத் தெரியாது. சத்தியம் உடைவது பொய் சொன்னதால் அல்ல. என் பார்வையில், தன்னாய்வு செய்ய வேண்டிய வேலையே இதுதான்: குளிர்ந்தவள் கொதிப்பவளுக்கு முன்கூட்டியே தகவல் எழுதி வைப்பது.

ஆனால் எல்லாத் தன்னாய்வும் இந்த வேலையைச் செய்வதில்லை. சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது: துக்கத்தில் இருப்பவர்கள் துக்கத்தைப் பற்றியே திரும்பத் திரும்ப நினைத்தால் என்ன ஆகிறது? துக்கம் நீள்கிறது. 2003இல் அவரும் சகாக்களும் அந்த நினைப்பையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். "எனக்கு மட்டும் ஏன் இப்படி? மற்றவர்களுக்கு இல்லாதது எனக்கு மட்டும் ஏன்?" என்று குடைவது ஒரு வகை. நடந்ததை எடுத்து வைத்து அலசிப் பார்ப்பது இன்னொரு வகை. முதல் வகை அன்றும் வருத்தியது, மாதங்கள் கழித்தும் வருத்தத்தைக் கூட்டியது. இரண்டாவது வகை அந்த நேரத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் பின்னால் வருத்தத்தைக் குறைத்தது. நம் ஊரில் முதல் வகைக்கு நல்ல பெயர் வேறு உண்டு, "ரொம்ப யோசிக்கிற புள்ள" என்பார்கள்.

பிரிக்கும் கோட்டை ஈதன் கிராஸும் ஓஸ்லெம் அய்டுக்கும் இன்னும் கூர்மையாக்கினார்கள். கோபமூட்டிய நிகழ்ச்சி ஒன்றை ஒரு குழு தன் கண் வழியாகவே மீண்டும் பார்த்தது. இன்னொரு குழு, கொஞ்சம் தள்ளி நின்று தன்னையும் அந்தக் காட்சிக்குள் வைத்துப் பார்த்தது. தள்ளி நின்றவர்கள் குறைவாகக் கொதித்தார்கள். தள்ளி நிற்க எளிய வழி, தன்னைத் தன் பெயரால் அழைப்பது. "நான் என்ன செய்யப்போறேன்" என்பதற்குப் பதில் "சுமதி, இப்ப என்ன நடக்குது உனக்கு?" என்று மனதுக்குள் கேட்பது. 2017இல் வெளியான ஒரு மூளை ஆய்வில், பெயர் சொல்லிப் பேசியவர்களின் உணர்வுக் கொதிப்பு சீக்கிரம் தணிந்தது. அதற்காக மூளை கூடுதலாகப் பாடுபட்டதற்கான தடயமும் இல்லை. செயலிழந்த முன்மூளையோடு இருக்கும் ஆளுக்கு இது பெரிய செய்தி. சக்தி செலவில்லாமல் செய்யக்கூடிய தன்னாய்வு அது.

இதோடு சேர்க்க வேண்டியது 2007இல் லாஸ் ஏஞ்சலஸில் மேத்யூ லீபர்மேன் செய்த சோதனை. கோபமான, பயந்த முகங்களைப் பார்க்கும்போது மூளையின் அச்ச மையமான அமிக்டலா துடிக்கிறது. அந்த உணர்வுக்கு ஒரு சொல்லைப் பொருத்தியதும், அது கோபம், இது பயம் என்று சொன்னதும், துடிப்பு தணிந்தது, முன்மூளையின் வலப்பக்க ஓரம் விழித்துக்கொண்டது. சொல் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. "மனசு சரியில்ல" போதாது. "அவமானமா இருக்கு", "பொறாமையா இருக்கு", "பசிக்குது", "என்னை யாரும் கூப்பிடல" இவை வேலை செய்யும் சொற்கள்.

இதே மாதிரியான யோசனைகளை, இந்த ஆய்வுகள் பலவற்றுக்கு முன்பே, ஒரு சிகிச்சையாகக் கோத்தவர் மார்ஷா லினஹான். இவரும் மார்லட் இருந்த அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். மீண்டும் மீண்டும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பெண்களிடம் அவருடைய முறை வேலை செய்கிறது என்று 1991இல் ஆய்வு வெளியானது. உலகம் அவரை நிபுணராக மட்டுமே அறிந்திருந்தது. 2011இல், 68 வயதில், கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்ட் நகரிலுள்ள ஒரு மனநல மருத்துவமனையில் மேடையேறி அவர் ஒன்றைச் சொன்னார்: 1961இல், 17 வயதில், தான் இதே மருத்துவமனையில் நோயாளியாக அடைபட்டிருந்தவள், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டவள். இத்தனை ஆண்டு உருவாக்கிய சிகிச்சை, அன்று தனக்குக் கிடைக்காத சிகிச்சை.

லினஹான் தன் முறையில் "கவனித்திருத்தல்" என்ற பகுதியை ஜென் பயிற்சியிலிருந்து எடுத்தார், அதற்காக ஜென் ஆசிரியர்களிடம் உட்கார்ந்து கற்றார். ஜென் மரபின் மூலவர் போதிதர்மர் காஞ்சி இளவரசர் என்பது நம் பக்கத்தில் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பழைய சீனக் குறிப்புகளில் சில மட்டுமே அவரைத் தென்னிந்தியர் என்கின்றன, காஞ்சி என்பது பிற்கால மரபு. எனக்கு அந்தக் கதையைவிட இன்னொரு காஞ்சிக்காரர் பொருத்தமாகப் படுகிறார். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் திக்நாகர். ஒவ்வோர் அறிதலும் தன் பொருளை அறிவதோடு, அறிந்துகொண்டிருப்பதையும் சேர்த்தே அறிகிறது என்று சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டார். கோபப்படுகிறேன், கோபப்படுகிறேன் என்று தெரிந்துகொண்டும் இருக்கிறேன். அந்த இரண்டாவது தெரிதலில்தான் லினஹானின் சிகிச்சை கால் ஊன்றி நிற்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை, பழந்தமிழர் எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற வகையறாவும் இல்லை. தன்னைக் கவனிப்பது வெளிநாட்டு நாகரிகம் என்று நினைப்பவர்களுக்காக.

லினஹானின் முறையில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிவது சங்கிலி அலசல். ஒரு சம்பவம் முடிந்து, தூங்கி எழுந்து, மனம் குளிர்ந்த பிறகு செய்வது. "ஏன் செய்தேன்?" என்ற கேள்விக்கே அதில் இடம் கிடையாது. என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் போவது.

விளக்கத்துக்காக ஒருத்தியைக் கற்பனை செய்வோம். வயது 21. ராஜகுளத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறாள். ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு நாள் வாய் திறக்கிறாள்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். வீட்ல சொல்லிட மாட்டீங்கல்ல?"

"உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா சொல்லாம இருக்க முடியாதும்மா. அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். இப்ப சொல்லு."

"அப்பப்ப என்னை நானே ஏதாச்சும் பண்ணிக்கணும்னு வருது."

"இப்ப வருதா?"

"இப்ப இல்ல. ராத்திரியிலதான்."

"செத்துடணும்னு இருக்கா?"

"அப்படி இல்ல சிஸ்டர். அந்த நேரத்துக்கு அது நின்னாப் போதும்."

"சரி. கடைசியா எப்ப வந்துச்சு? அன்னிக்கு காலையில பஸ் ஏறினதுல இருந்து சொல்லு."

செவிலியர் சாவைப் பற்றி நேரடியாகக் கேட்டதைக் கவனியுங்கள். கேட்டால் எண்ணத்தை ஊட்டியது ஆகும் என்ற பயம் பரவலாக இருக்கிறது, ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கேட்பது பெரும்பாலும் பாரத்தை இறக்குகிறது. "ஏன்" என்று கேட்காததையும் கவனியுங்கள். காலை பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தார். கண்ணிகள் தானாக வந்தன. முந்தைய இரவு நான்கு மணி நேரத் தூக்கம். லைன் நின்றதற்கு எல்லார் முன்னாலும் திட்டு. கோபத்தில் சாப்பாட்டைத் தொடவில்லை. பஸ்ஸில் தோழிக்கு அனுப்பிய மெசேஜ் நீல டிக்கோடு நின்றது, பதில் இல்லை. வீட்டில் அம்மா, "ஒன் வயசுல எனக்கு நீ பொறந்துட்ட" என்றார். எட்டரைக்கு நெஞ்சில் கனம், விரல்களில் துடிப்பு. ஒன்பதுக்கு அந்த எண்ணம்.

அம்மாவின் பேச்சுதான் காரணம் என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள். சங்கிலியைப் பார்த்தால் பசியும் தூக்கமின்மையும் முன்னாலேயே நிற்கின்றன. திட்டை நிறுத்த அவளால் முடியாது, அம்மாவை மாற்றவும் முடியாது. மதியம் இரண்டு கவளம் சாப்பிட முடியும். எட்டரைக்கு விரல் துடிப்பதை அடையாளம் காண முடியும், எண்ணம் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று அந்தத் துடிப்பு சொல்கிறது. இதுதான் குளிர்ந்தவள் கொதிப்பவளுக்கு அனுப்பும் தகவல்.

டைரி இல்லாத வீட்டில் எங்கே எழுதுவது? சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் இருக்கிறது. அதன் தாளில் அம்மா பால் கணக்கு எழுதுகிறார். மூலையில் ஓர் எண், 8, 5, 3, எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். பத்துக்கு எத்தனை என்ற அளவு அது. நாலைந்து வாரத்தில் எந்தக் கிழமையில் எண் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். நைட் ஷிஃப்ட் முடியும் வாரமா, சம்பளத்துக்கு முந்தைய வாரமா, மாதவிலக்குக்கு முந்தைய நாள்களா. எண்ணம் வந்தும் செய்யாமல் கடந்த இரவுக்கும் ஓர் அடையாளம் வேண்டும். என் கணிப்பில் அதுதான் முக்கியமான பதிவு, ஏனென்றால் வட்டம் எப்படி உடைந்தது என்ற தகவல் அந்த இரவில்தான் இருக்கிறது.

எழுதுவதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஹார்வர்டின் ஜில் ஹூலியும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்கள் 28 நாள் தினமும் எழுதினார்கள். ஒரு குழு மனவேதனையை எழுதியது, ஒரு குழு அன்றாட நடப்பை எழுதியது, ஒரு குழு அன்று தன்னிடம் தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை எழுதியது. மூன்று குழுவிலும் செயல் குறைந்தது. ஆனால் தன்னைத்தானே ஏசுவது குறைந்தது கடைசிக் குழுவில். வேதனையைக் கொட்டினால்தான் தீரும் என்ற நம்பிக்கை நம்மிடம் பலமாக இருக்கிறது. கொட்டாவிட்டாலும் பரவாயில்லை என்பது இதன் பொருள்.

கொதிப்பு ஏறிவிட்ட பிறகு? அப்போது அலசல் வேண்டாம். உடம்பிலிருந்து தொடங்க வேண்டும். மூச்சை வழக்கத்தைவிட மெதுவாக, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக. வாசல் குழாயில் குளிர்ந்த நீரை முகத்தில் அறைந்து கழுவுவது இதயத் துடிப்பைக் குறைக்கிறது, பாலூட்டிகள் அனைத்துக்கும் உள்ள நீர்மூழ்கு அனிச்சைச் செயல் அது. இதய நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். பிறகு தன் பெயரைச் சொல்லி ஒரே ஒரு கேள்வி: இப்போது பத்துக்கு எத்தனை? பிறகு தனியாக இல்லாத இடம். இங்கேதான் ராஜகுளத்தின் நெரிசல் கைகொடுக்கிறது. பெரியம்மாவின் திண்ணை, டிவி ஓடும் கூடம், அண்ணாச்சிக் கடை. அங்கே மனதைத் திறக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் ஓடினால் போதும்.

இந்தத் தொடர் வரிசையை ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிவைப்பதற்குப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர், பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வடிவமைத்தது. எனக்கு வரும் அறிகுறி, நானே செய்யக்கூடியது, போய் உட்காரக்கூடிய இடம், கூப்பிடக்கூடிய ஆள், மருத்துவ உதவி, வீட்டில் எதைக் கையெட்டாமல் வைப்பது. அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதையும் தொலைபேசித் தொடர்பையும் சேர்த்துச் செய்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு சொன்னது.

இது அமெரிக்கச் சரக்கு, நமக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னையில் 1986இல் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும், தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் முகாமில் பாதுகாப்புத் திட்ட அட்டையையும் தொடர் சந்திப்பையும் கொண்டுபோனார்கள். அட்டையோடு போனவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற முகாம்வாசிகளே. முகாமில் தனியறையோ டைரி வைக்க அலமாரியோ இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. அட்டை இருந்தது, அட்டையைப் பற்றி அடுத்த முறை வந்து விசாரிக்க ஓர் ஆளும் இருந்தார்.

அந்த ஆள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னும் பெரிய சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு, 2008இல் வெளியானது. எல்லாரும் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடல், 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?". வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர். தொடர்பில் இருந்தவர்களில் 2 பேர். இவர்கள் தற்கொலைக்கு முயன்றவர்கள், இந்தக் கட்டுரை பேசும் எல்லாரும் அப்படிப்பட்டவர்கள் அல்ல. ஆனாலும் ஒன்பது விசாரிப்புகள் இத்தனை செய்யும் என்றால், தன்னாய்வைத் தனி ஆளின் சாமர்த்தியமாக மட்டும் பேசுவது நியாயமில்லை.

அரை மணி நேரத்தைத் தாண்டவைக்கும் இன்னொரு வழி தூரம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் இரண்டு கிராமங்களில் லட்சுமி விஜயகுமார் குழு பொதுச் சேமிப்பு நிலையம் கட்டியது. விவசாயிகள் தங்கள் பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே தனித்தனிப் பெட்டிகளில் பூட்டிவைத்தார்கள். அந்த முயற்சி நடைமுறையில் சாத்தியம் என்ற ஆய்வறிக்கை 2013இல் வந்தது. கழனி வேலை உள்ள எந்த வீட்டுக்கும் இதில் செய்தி உண்டு. வீட்டில் ஒருவர் தத்தளிக்கிறார் என்று தெரிந்தால், ஆபத்தான எதையும் பூட்டிச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவது. அவரை நம்பவில்லை என்று ஆகாது. அவருக்கு நேரம் வாங்கிக் கொடுப்பது, அவ்வளவுதான்.

கிராமத்தில் வாய் திறக்கவிடாமல் தடுப்பது பெரும்பாலும் ஒரு பழைய பயம்: "ஆஸ்பத்திரி போனா போலீஸ் கேஸ் ஆயிடும்." சட்டப்படி அந்தக் காலம் போய்விட்டது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைப் பணி விஷயத்தில் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே இப்போது குற்றம். சாகும் எண்ணமே இல்லாமல் காயத்தோடு வருபவரை மிரட்ட எந்தச் சட்டமும் இல்லை.

அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. போன் என்றால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு, சினேகாவின் எண் 044-24640050, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098. வீட்டில் பேச இடமில்லை என்றால் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பிப் போய் நிறுத்தத்தில் நின்றபடி பேசலாம். எடுத்தவுடன் கதை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. "இப்ப பத்துக்கு எட்டு" என்று தொடங்கினாலே எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியும்.